வாயிலும் நாற்காலியும்

(நமது சங்க வாசகசாலையின் ஆண்டு விழாவில் நம் தமிழாசிரியர் நிகழ்த்திய சொற்பொழிவு)



'நூல்நிலையத்தின் பெருமை' என்னும் பொருள்பற்றி இவ்விழாவிற் பேசுமாறு காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருந்தார்கள். நூலின் பெருமையை இச்சபையில் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை யொக்கும். ஆதலின் அப்பொருளைச் சிறிது திருப்பி, நூல்நிலையம் யாருக்கு உரியது என்னும் வினாவை எடுத்துக்கொள்ள அவரிடம் அனுமதி பெற்றேன். அவ்வினா நமக்குப் புறம்பானதன்று. அடுத்த மாதம் கூடவிருக்கும் பொதுச் சபைக்கு, வாசகசாலை விதிகளுள் நான்காவதை நீக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வரவிருக்கின்றது. நம் சமூகத்தாரல்லாதார் திண்ணையில் அமர்ந்து பத்திரிகை படிக்கலாம்; உள்ளே வரவோ நூல் பெறவோ உரியரல்லர் என்பது அவ்விதி. அதனை நீக்க வேண்டும் என்பாரும், நீக்கலாகாது என்பாரும் இங்கே இருக்கின்றனர். இருசாராரிலும் யான் பெரிதும் மதிக்கும் பெரியோர் உளர். என் கருத்தை மறைத்துப் பேச விரும்பவில்லை. அவ்விதி நீங்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஆயினும் நம்மூர் வழக்கை உடனே எடுத்துக்கொள்ளாது, கடல் கடந்த அமெரிக்க தேசத்து வழக்கொன்றை உங்கள்முன் வைக்கின்றேன். தன் வீட்டு வழக்கில் எவருக்கும் கண் சிறிது மங்கும். அயல் வீட்டு வழக்கைக் கேட்கும்போது நியாயம் எளிதிற் புலப்படும். மேலும் அத்தேசத்தில் பொது நூல்நிலையங்களில் நடந்த நன்மையும் தீமையும் ஆண்டும் நாளும் குறித்து எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. நம் நாட்டில் எத்தனை வாயில்களில் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதற்கு அத்தகைய குறிப்பு ஏது?

ஆண்ட்ரூ கார்னகி என்னும் செல்வரைப்பற்றி உங்களுட் பலர் கேள்வியுற்றிருப்பீர்கள். ஸ்காட்லாந்து தேசத்தில் ஒரு நெசவாளரின் மகனாய்ப் பிறந்து, இளமையிலேயே அமெரிக்கா சென்று, எஃகுத் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டியவர். 1886 முதல் 1919 வரை அத்தேசத்தில் 1,679 பொது நூல்நிலையக் கட்டடங்கள் அவர் பொருளால் எழுந்தன. கட்டடத்துக்கு அவர் கொடுப்பார். நிலமும், ஆண்டுதோறும் நடத்துஞ் செலவும் ஊரார் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். ஆனால் ஊரார் என்றால் யார்?

1902இல் அட்லாண்டா நகரத்தில் கார்னகி நூல்நிலையம் திறக்கப்பட்டபோது, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த டூபாய்ஸ் என்னும் பேரறிஞர், தம் இனத்தார் சிலரை அழைத்துக்கொண்டு நிர்வாகிகளிடம் சென்றார். கறுப்பின மக்களும் நகரத்து வரி செலுத்துகின்றனரே, அவ்வரியால் நடக்கும் இந்நிலையத்துள் அவர்கள் ஏன் புகுதல் கூடாது என்று வினவினார். இடம் கிடைக்கவில்லை. அந்நகரத்துக் கறுப்பின மக்களுக்கென ஒரு கிளை திறக்கப்பட்டது 1921ஆம் ஆண்டில். வரி கொள்ளும்போது ஒரே ஊர். நூல் கொடுக்கும்போது இரண்டு ஊர். இடையே பத்தொன்பது ஆண்டுகள். 1902இல் எழுத்தறியத் தொடங்கிய ஒரு குழந்தை, கிளை திறக்கும்பொழுது தன் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் வயதை எய்தியிருக்கும்.

கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரத்தில் நடந்தது வேறு விதம். அங்கே 1905இல் ஒரு வீட்டின் மூன்று அறைகளை வாடகைக்கு அமர்த்திக் கறுப்பின மக்களுக்கெனத் தனிக் கிளையொன்று தொடங்கினர். 1908இல் கார்னகி பொருளால் அதற்குத் தனிக் கட்டடமும் எழுந்தது. அதன் தலைமையை ஏற்றவர் தாமஸ் பவுண்டன் புளூ என்பவர். அவர்தம் தாய் தந்தையர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். அவர் சமயக் கல்வி பயின்றவர். நூலகத் தொழிலுக்கெனப் பயிற்சி பெற்றவரல்லர். கறுப்பினத்தாருக்கு அப்பயிற்சியை அளிக்கும் பள்ளி தென்மாகாணங்களில் அக்காலத்தில் இல்லை. அவர் செய்தது என்ன? தம் கிளையிலேயே பயிற்சி வகுப்பொன்றை ஏற்படுத்தினார். பிற தென்னக நகரங்களிலிருந்து கறுப்பினப் பெண்மக்கள் அங்கு வந்து, நூல்களை வகைப்படுத்தவும், பட்டியல் எழுதவும், குழந்தைகளுக்குக் கதை சொல்லவும் கற்றுச் சென்றனர். கறுப்பினத்தாருக்கென ஹாம்ப்டன் என்னுமிடத்தில் ஒரு நூலகப் பள்ளி தோன்றியது 1925இல்தான். அதுவரை புளூவின் வகுப்பே அவர்களுக்குப் பள்ளியாயிருந்தது.

ஓர் ஆசிரியன் கண்கொண்டு நோக்கும்போது இவர்மாட்டு எனக்கு அளவிறந்த மதிப்பு உண்டாகின்றது. கதவு மூடியிருந்த காலத்தில் தமக்கென ஒரு கூரை வேய்ந்து, அதன்கீழ்ப் பிறர்க்கும் தொழில் கற்பித்தார். நம் முன்னோரும் அதனையே செய்தனர். இவ்வூரில் முன்பிருந்த ஒரு வாசகசாலையில் நம் பாட்டனார்களுக்கு இடமளிக்கப்படவில்லை என்பதும், அவ்வாற்றாமையாலேயே பிடியரிசி சேர்த்தும் கல்யாண மகமை பிரித்தும் இக்கட்டடத்தை எழுப்பினர் என்பதும் உங்களுக்கு யான் சொல்ல வேண்டுவதில்லை. அந்த வாசகசாலையின் பெயரைச் சொல்லப் போவதுமில்லை. விதியை நீக்கலாகாது என்னும் பெரியோர் இவ்வரலாற்றையே எடுத்துக்காட்டுகின்றனர். 'நம்மை வேண்டாமென்றவர்கள் நாட்டில், நமக்கென நாம் கட்டியது இது' என்கின்றனர். அவர்தம் நெஞ்சிலுள்ள புண் உண்மையானது. அதனைப் பழித்துப் பேசும் இளைஞர்கள் சற்று அடக்கம் பழகுதல் நன்று.

இனி மற்றொருவரைப்பற்றிக் கேளுங்கள். வர்ஜீனியா மாகாணத்து அலெக்ஸாண்ட்ரியா நகரத்தில் சாமுவேல் வில்பர்ட் டக்கர் என்னும் இளம் வழக்கறிஞர் இருந்தார். வயது 26. 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21ஆம் நாள், அவர் ஏற்பாட்டின்படி ஐந்து இளைஞர்கள், அவருள் ஒருவர் அவர்தம் தம்பியார், தூய உடை உடுத்து, அந்நகரப் பொது நூல்நிலையத்துக்கு ஒருவர்பின் ஒருவராய்ச் சென்றனர். ஒவ்வொருவரும் உறுப்பினர் சீட்டு வேண்டுமென்று பணிவாய்க் கேட்டார். இல்லையென்ற மறுமொழி பெற்றவுடன், அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் வேறு வேறு மேசையில் அமர்ந்து படிக்கத் தொடங்கினார். ஒரே மேசையில் அமர்ந்தால், பேசி அமைதியைக் குலைத்தனர் என்று குற்றஞ் சாட்டுவார்கள் அல்லவா? அதற்கு இடங்கொடாமலிருக்கவே வேறு வேறு மேசை. நூல்நிலையத்தில் ஓசையின்றி நூல் படித்த அவ்வைவரையும் போலீசார் வந்து, ஒழுங்கு கெட நடந்தனர் என்று சொல்லிச் சிறைப்பிடித்தனர். அவ்வழக்குத் தீர்ப்பின்றியே கிடந்து, 80 ஆண்டு கழிந்து 2019இல் முறையாகத் தள்ளப்பட்டது.

நகரத்தார் இதற்குக் கண்ட பரிகாரம் யாது? 1940இல் கறுப்பின மக்களுக்கெனச் சிறியதொரு தனி நூல்நிலையத்தைக் கட்டி, பழைய நூல்கள் பலவற்றை அதில் இட்டு, டக்கருக்கும் அதன் உறுப்பினர் சீட்டைப் பெறலாமென அறிவித்தனர். அவர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். தாம் வேண்டியது தம் நகரத்து நூல்நிலையத்தின் சீட்டேயன்றி மற்றொன்றன்று என்பதே அவர் நிலை.

புளூ செய்தது சரியா, டக்கர் செய்தது சரியா என்று என் மாணாக்கர் ஒருமுறை வாதம் நடத்தினர். இருவர் செய்ததும் சரி என்பது என் துணிபு. தள்ளப்பட்டவன் தனக்கென ஒரு கூரை வேய்தல் ஒன்று. தள்ளுவோன் அவனுக்கென ஒரு கூரை வேய்ந்து, 'உன் இடம் இது, இங்கேயே இரு' என்றல் மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே கட்டடம்போலத் தோன்றும். நம் வாசகசாலை பிறந்தபோது முதல் வகையாக இருந்தது. அஃது இன்றும் அவ்வகையினதுதானா என்பதே நம்முன் உள்ள கேள்வி. கீழைத் தெருவிலிருந்து வந்து நம் திண்ணையில் அமர்ந்து பத்திரிகை வாசிக்கும் என் மாணாக்கன் ஒருவன், சன்னல் வழியே உள்ளேயிருக்கும் அகராதியை நோக்குகின்றான். அச்சிறுவனுக்கு நாம் எந்த வகையாகத் தோன்றுகின்றோம்?

திண்ணை என்றவுடன் மற்றொரு செய்தி நினைவுக்கு வருகின்றது. 1960இல் வர்ஜீனியா மாகாணத்து டான்வில் நகரத்தில், நூல்நிலையத்தை யாவர்க்கும் திறக்க வேண்டுமென்று நீதிமன்றம் உத்தரவிட்டது. நகரத்தார் நூல்நிலையத்தையே மூடிவிட்டனர். பின்னர் மீண்டும் திறந்தபோது, உள்ளேயிருந்த நாற்காலிகளும் மேசைகளும் அகற்றப்பட்டிருந்தன. வரலாம், நின்றபடியே நூல் பெறலாம், போய்விடலாம், இரு நிறத்தாரும் அருகருகே அமர்தல் மட்டும் கூடாது. இரண்டாண்டு கழித்து அலபாமா மாகாணத்து மாண்ட்கமரி நகரத்தாரும் இதே தந்திரத்தைக் கையாண்டனர். அயலானோடு சமமாய் அமர்வதைத் தவிர்க்கத் தாமும் நின்றுகொண்டிருக்க அந்நகரத்து வெள்ளையர் உடன்பட்டனரே! முதலில் எனக்கு நகைப்பு வந்தது. பிறகு நம் விதியை நினைத்தேன். அங்கே நூல் உண்டு, நாற்காலி இல்லை. இங்கே திண்ணை உண்டு, நூல் இல்லை.

லூசியானா மாகாணத்தில் நடந்தது இன்னும் விநோதம். அங்கே ஊர் ஊராய் நூல் கொண்டு செல்லும் வண்டிகள் இரண்டு இருந்தன. சிவப்பு வண்டி வெள்ளையருக்கு, நீல வண்டி கறுப்பினத்தாருக்கு. கறுப்பினத்தாருடைய சீட்டில் அவர்தம் இனப் பெயர் முத்திரையிடப்பட்டிருக்கும். 1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கிளின்டன் என்னும் ஊரின் நூல்நிலையத்தில் ஹென்றி பிரவுன் என்பவரும் நால்வர் நண்பரும் புகுந்து, கறுப்பின மக்களின் வரலாறு கூறும் நூலொன்றைக் கேட்டனர். அந்நூல் அங்கில்லை, வரவழைப்பதாகச் சொல்லி அவர்களைப் போகச் சொன்னார்கள். ஐவரும் பேசாமல் அங்கேயே இருந்தனர், பத்துப் பதினைந்து நிமிஷம். அதற்காகக் கைது செய்யப்பட்டனர். 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள்மேற் சுமத்திய குற்றத்தை நீக்கியது; ஐவர் நீக்க வேண்டுமென்றும் நால்வர் கூடாதென்றும் சொல்ல, ஒரே வாக்கின் மிகுதியால். நீதிபதிகள் ஒன்பதின்மருள் ஒருவர் மனம் மாறியிருப்பின் முடிவும் மாறியிருக்கும்.

குழந்தைகளையும் விட்டாரல்லர். 1959இல் தென் கரோலினா மாகாணத்து லேக் சிட்டி என்னும் சிற்றூரில் ரொனால்ட் மெக்நேர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன் நூல் பெறச் சென்றபோது, கொடுக்க மறுத்ததோடு போலீசாரையும் அழைத்தனர். நூல் இன்றிப் போகமாட்டேன் என்று அவன் அங்கேயே அமர்ந்துகொண்டான். முடிவில் நூல் பெற்றே சென்றான். அச்சிறுவன் வளர்ந்து பௌதிக சாஸ்திரத்திற் பெரும்பட்டம் பெற்று விண்வெளி வீரனாகி, 1986இல் 'சாலஞ்சர்' விண்கலம் வெடித்தபோது உடன் சென்றோருடன் உயிர் நீத்தான். அவனை வெளியேற்ற முயன்ற அந்தக் கட்டடம் இன்று அவன் பெயரால் நினைவகமாய் விளங்குகின்றது.

இதுகாறும் சொன்னது வாயிலைப்பற்றி. வாயில் திறந்தால் போதுமோ எனின், போதாது. அலமாரியும் ஒருவனை வெளியே நிறுத்தும்.

வாஷிங்டன் நகரத்து ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் டாரதி போர்ட்டர் என்னும் பெருமாட்டியார் 1930 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேலாக நூலகராயிருந்தார். கறுப்பின மக்கள் எழுதியனவும் அவர்களைப்பற்றி எழுதப்பட்டனவுமாகிய நூல்களை ஒருங்கு சேர்த்து ஒழுங்குபடுத்துவது அவர் மேற்கொண்ட பணி. அக்காலத்தில் நூல்நிலையங்களிற் பெரிதும் வழங்கியது மெல்வில் டூயி என்பவர் வகுத்த தசாம்ச முறை. அம்முறையில் கறுப்பினத்தார் நூலுக்கு இடம் எது? ஏனைய நூல்நிலையங்களில் விசாரித்த போர்ட்டர் அம்மையார் கண்டது இது: அடிமை வாணிபத்துக்குரிய 326ஆம் எண், அல்லது குடியேற்றத்துக்குரிய 325ஆம் எண். ஒருவர் கவிதை எழுதியிருந்தாலும், வரலாறு எழுதியிருந்தாலும், எழுதியவர் நிறம் கருதி அந்நூல் அவ்வெண்ணிலேயே போய்ச் சேர்ந்தது. அம்மையார் அதனை ஒப்பவில்லை. கவிதையைக் கவிதையிடத்தும், இசையை இசையிடத்தும், மருத்துவத்தை மருத்துவத்திடத்தும் வைத்தார். ஓசையில்லாத வேலைதான். அலமாரிக்கு முன் நின்று, அட்டையொன்றைக் கிழித்து வேறோர் அட்டை எழுதினார், அவ்வளவே. எனினும் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்கு இது தாழ்ந்ததென்று யான் எண்ணவில்லை.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இது வெறும் அயல்நாட்டுக் கதையன்று. அந்தத் தசாம்ச முறையில் இலக்கியத்துக்குரிய பகுதி 800. அமெரிக்கருக்கு 810, ஆங்கிலேயருக்கு 820, ஜர்மானியருக்கு 830, பிரெஞ்சியருக்கு 840, இத்தாலியருக்கு 850, ஸ்பானியருக்கு 860, இலத்தீனுக்கு 870, கிரேக்கத்துக்கு 880. எஞ்சிய உலகத்து மொழிகளெல்லாம் 890 என்னும் ஒரே பெட்டியில். அப்பெட்டியின் ஓர் அறையில், 894.811 என்னும் எண்ணில், ஈராயிரம் ஆண்டு வளர்ந்த நம் தமிழ் இலக்கியம் முழுதும் இருக்கின்றது. சமயத்திலும் இவ்வாறே: 200 என்னும் பகுதியிற் பெரும்பங்கு கிறிஸ்து சமயத்துக்கு, சைவம், வைணவம், பௌத்தம், சமணம், இஸ்லாம், யூத சமயம் அனைத்தும் நெடுங்காலமாக 290 என்னும் கடைக்கோடியில். இதனை முதன்முதல் அறிந்தபோது எனக்கு உண்டான சினம் சிறிதன்று. 'மற்றவை' என்னும் பெட்டியில் இருப்பது எப்படியிருக்கும் என்பதை அன்று அறிந்துகொண்டேன். அவ்வறிவை நம் வாசகசாலை அலமாரியின்முன் மறந்துவிடலாமா? நம் சமூகத்துப் பெரியோர் வரலாறுகள் மூன்று தட்டு நிறைய இருக்கின்றன. ஏனைச் சமூகத்தாரைப்பற்றிய நூல் எத்தனை என்று சென்ற வாரம் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே சொல்ல விரும்பவில்லை.

அம்முறை வகுத்த டூயியைப்பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1887இல் கொலம்பியாக் கல்லூரியில் முதல் நூலகப் பள்ளியைத் தொடங்கி, கல்லூரி மேலோர் விரும்பாதிருந்தும் அதிற் பெண்களைச் சேர்த்துக்கொண்டவர் அவரே. யூதருக்கும் கறுப்பினத்தாருக்கும் இடமில்லாத பொழுதுபோக்குக் கழகமொன்றை நடத்தியவரும் அவரே. அதனாலெழுந்த கண்டனத்தாலேயே நியூயார்க் மாகாண நூலகர் பதவியை விடலாயினார். அமெரிக்க நூலகச் சங்கத்தார் தாம் அளிக்கும் பதக்கமொன்றினின்றும் அவர் பெயரை 2019இல் எடுத்துவிட்டனர். ஒரு கையால் ஒரு கதவைத் திறந்து மறு கையால் மற்றொன்றை மூடும் மனிதர் எத்தேசத்திலும் உளர். நம்மிடையிலும் உளர்.

வாயிலும் அலமாரியும் போக, மேசைக்குப் பின்னே அமர்ந்திருப்பவர் யார் என்பது மூன்றாவது. இதனை நாம் சிறிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. நியூயார்க் நகரத்துப் பொது நூல்நிலையத்தார் 1921இல் பூரா பெல்ப்ரே என்னும் பெண்மணியை வேலைக்கு அமர்த்தினர். அவர் போர்ட்டோ ரிக்கோ தீவினர். அந்நிலையத்தில் அத்தீவினருள் முதல்வர். அத்தீவினின்று அந்நகரத்திற் குடியேறிய ஏழை மக்கள் நூல்நிலையம் ஆங்கிலம் அறிந்தாருக்கே உரியதென்று ஒதுங்கியிருந்தனர். அவரோ ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் குழந்தைகளுக்குக் கதை சொன்னார். தம் பாட்டியாரிடம் கேட்ட கதைகளை நூலாகவும் எழுதினார். தன் தாய்மொழியில் ஒருவர் அழைக்கக் கேட்ட குழந்தை உள்ளே வந்தது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தாயும் வந்தாள். விளம்பரத்தால் வராதவர் இவ்வாறு வந்தனர்.

அத்தொழிலாருடைய சங்கமோ நெடுங்காலம் தலைகுனிந்தே இருந்தது. 1936இல் ரிச்மண்ட் நகரத்தில் கூடிய மகாநாட்டில் கறுப்பின நூலகருக்குத் தனி இருக்கை. வெள்ளையரோடு உண்ண இடமில்லை. தென்மாகாணச் சங்கங்கள் சில அவர்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. 1964இல் செயின்ட் லூயிஸ் மகாநாட்டில், அத்தகைய சங்கமொன்றுக்குப் பாராட்டு அளிக்கப்பட்டதைக் கண்டு பொறாத ஜோசி என்னும் கறுப்பின நூலகர் எழுந்து, பாகுபாடு பாராட்டும் மாகாணச் சங்கங்களின் கூட்டங்களில் தேசச் சங்கத்து அதிகாரிகள் கலந்துகொள்ளலாகாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. மறு ஆண்டே ஜார்ஜியா மாகாணச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. பின்னர் 1976இல் கிளாரா ஸ்டான்டன் ஜோன்ஸ் என்னும் அம்மையார் தேசச் சங்கத்துத் தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 1984இல் ஜோசியும் தலைவரானார். 2016இல் காங்கிரஸ் நூல்நிலையத்தின் தலைமை, அஃது ஏற்பட்ட காலந்தொட்டு முதன்முறையாக ஒரு பெண்ணிடமும் ஒரு கறுப்பினத்தவரிடமும் சேர்ந்தது. கார்லா ஹேடன் என்பது அவர் பெயர். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் அப்பதவியினின்று நீக்கப்பட்டார். திறந்த கதவு திறந்தபடியே இருக்குமென்று எண்ணற்க.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சீகாழியிற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்து நூலகரான இரங்கநாதன் அவர்கள், 1931இல் வெளியிட்ட நூலில் ஐந்து விதிகளை வகுத்தனர். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவரவர்க்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் இரண்டாவதன் கருத்து. ஒவ்வொருவர் என்னுஞ் சொல்லை அவர் விளையாட்டாக எழுதவில்லை. செல்வர் வறியர், ஆடவர் பெண்டிர், நகரத்தார் நாட்டுப்புறத்தார், நிலத்து வாழ்வார் கடலோடுவார், பார்வையுள்ளார் பார்வையற்றார் என்று வகை வகையாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கின்றனர். அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டாகிய 1948இல் சென்னை மாகாணத்துப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படலாயிற்று. அவ்வரியால் நடக்கும் நூலகங்கள் யாவர்க்கும் உரியன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திற் பார்வையற்றோருக்குப் பிரெய்ல் நூற்பிரிவும் உண்டு. அதனைப் பார்த்து வந்தபின், நம் வாசகசாலையின் வாயிற்படிகள் கண்ணை உறுத்துகின்றன. கோலூன்றி நடப்பார்க்குச் சாய்தளம் ஒன்று கட்டக் கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலைதான்.

'ஊரில் அரசாங்க நூலகம் இருக்கின்றதே, அங்கே போகட்டும்' என்பது சிலர் சொல்லும் மறுப்பு. அலெக்ஸாண்ட்ரியா நகரத்தாரும் 1940இல் அதனையே சொன்னார்கள்: உனக்கென ஒன்று இருக்கின்றதே, அங்கே போ. மேலும் நம்மிடமுள்ள பழைய அகராதிகளும், இலக்கண உரைகளும், நம் பெரியோர் திரட்டிய சங்க நூற்பதிப்புக்களும் அங்கே இல்லை. அவை வேண்டுவார்க்கு வேறு இடமில்லை. நூல் கெட்டுப்போகும், திரும்பி வாராது என்பது மற்றொரு மறுப்பு. கடன் பதிவேட்டை யான் புரட்டிப் பார்த்தேன். திரும்பி வாராத நூல்கள் இப்பொழுதும் பல உள. அவற்றைக் கொண்டு சென்றோர் யாவரும் நம் சமூகத்தாரே. இங்கு முன்வரிசையில் இருப்போரிடத்தும் சில இருக்கின்றன. முன்பணம் வாங்கிக்கொண்டு நூல் கொடுக்கலாம். அவ்விதி யாவர்க்கும் ஒன்றாயிருக்கட்டும்.

முன்னோர் பொருளால் கட்டியதைப் பிறர்க்குக் கொடுக்க நமக்கு உரிமையுண்டா என்பதே மூன்றாவதும் வலியதுமான மறுப்பு. நமக்கு உரிமையுண்டு என்றே கருதுகின்றேன். அவர்கள் நமக்கு விட்டுச் சென்றது செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமன்று. வெளியே நிறுத்தப்பட்டவன் நிலை எத்தகையது என்னும் அறிவையும் விட்டுச் சென்றனர். கட்டடத்தை வைத்துக்கொண்டு அவ்வறிவை எறிந்துவிட்டால், பாதிச் சொத்தையே காப்பாற்றியவராவோம்.

இன்னும் ஒன்று. நம் வாசகசாலைப் பொறுப்பாளர் வரும் தை மாதத்தில் ஓய்வு பெறுகின்றார். அவ்விடத்துக்கு வந்துள்ள விண்ணப்பங்களுள், நூலக இயலிற் பட்டம் பெற்றவர் ஒருவருடையது இருக்கின்றது. அவர் ஒரு பெண், நம் சமூகத்தைச் சேர்ந்தவருமல்லர், கீழைத் தெருவினர். பட்டம் பெற்றோர் வேறு எவரும் விண்ணப்பிக்கவில்லை. நம் பெண்மக்கள் மாலையில் வாசகசாலைக்கு வருவதில்லை என்று ஆண்டறிக்கைதோறும் வருந்தி எழுதுகின்றோம். அம்மேசையின் பின்னே ஒரு பெண் இருந்தால் அவர்கள் வருவார்களா மாட்டார்களா என்பதை இங்கு வந்திருக்கும் தாய்மார்களே சொல்லட்டும். நிர்வாகக் குழுவினர் அவ்விண்ணப்பத்தை ஒதுக்கிவிடாமல், அவரை நேரில் அழைத்துப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றேன்.

பொதுச் சபைக்கு வரவிருக்கும் தீர்மானத்தின் வாசகம் இது: 'வாசகசாலையின் நான்காவது விதி நீக்கப்படுகின்றது. இவ்வூரில் வாழும் எவரும், சாதி மத ஆண் பெண் வேறுபாடின்றி, உள்ளே அமர்ந்து படிக்கவும், முன்பணம் கட்டி நூல் பெறவும் உரியர்.' விதி மாற்றத்துக்கு இருபத்தைந்து உறுப்பினர் கையொப்பம் வேண்டும். இதுவரை பதினொருவர் இட்டிருக்கின்றனர். கையொப்பத்தாள் காரியதரிசியவர்களின் மேசைமேல் இருக்கின்றது. பேனாவும் அருகே வைத்திருக்கின்றேன்.